ஆறுக்கு எட்டு

ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்ன கொத்தனார் எட்டுக்கு முன்னால் தலையைக் காட்ட மாட்டார் என்பது குருலட்சுமிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஆறரைக்கே மனையில் வந்து நின்றாள். சாத்தூர் ரோட்டில் சிவகாசி முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடம், முப்பதுக்கு நாற்பது, நாலு மூலையிலும் நாலு கல். வீட்டுக்காரன் பால்பாண்டி கொத்தனாரைக் கையோடு அள்ளிக்கொண்டு வருகிறேன் என்று பைக்கில் போயிருந்தான். அவன் அள்ளுகிற லட்சணம் தெரியாதா, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கொத்தனாருக்கு நாக்பூர் லோடு கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான், சொல்லட்டும், மாதத்தில் இருபது நாள் லாரியில் தனியாகக் கிடக்கிற மனுசன். வந்து சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டால் நாளைக் காலையில் ஜேசிபி வந்துவிடும், அதற்கப்புறம் எந்தக் கோட்டையும் நகர்த்த முடியாது, இன்றைக்கு எட்டு மணிதான் கடைசி. கையில் பிளான் இருந்தது. பிளான் என்றால் என்ஜினியர் வீட்டுப் பெரிய தாள் இல்லை, பூச்சட்டி டப்பா அட்டையின் வெள்ளைப் பின்பக்கம். அவள் வேலை பார்க்கிற அட்டைப்பெட்டிப் பிரஸ்ஸின் கம்ப்யூட்டரில், பதினோரு மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில், தயிர்ச்சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு அவளே போட்டது. என்ஜினியர் பில்லர் எங்கே, கம்பி எத்தனை என்பதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எங்க பொழப்புல கை வச்சிருவீங்க போலயே என்று சிரித்தார். அவளுக்கும் அன்றைக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. அட்டையைப் பிரிக்கிறாள், கண் ஹாலைப் பார்க்கிறது, அடுப்படியைப் பார்க்கிறது, மகள் யாழினி கதவைச் சாத்திக்கொண்டு படிக்கப்போகிற ரூமைப் பார்க்கிறது, வடக்குப் பக்கம் நடுவில் ஒரு கட்டம் இருக்கிறதே, அது வந்ததும் முள்ளைத் தாண்டுகிற காலைப்போல் கண் தாண்டிப் போய்விடுகிறது. அந்தக் கட்டத்துக்குள் ‘ஸ்டோர், ஆறுக்கு எட்டு’ என்று அடித்திருந்தது. அடித்தது அவள்தான்.

பதினெட்டு வருஷமாக அவளுக்கு இதே வேலை. ஒரு ஷீட் அட்டையில் எத்தனை டப்பா விழும், கழிவை எவ்வளவு குறைக்கலாம். ஏழுதான் விழும் என்று முதலாளியே கைவிட்ட ஷீட்டில் ஒரு ஊதுபத்தி டப்பாவைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு எட்டு விழ வைத்தவள். அன்றைக்கு பிரஸ் முழுக்கப் பால்பன் வாங்கிக் கொடுத்தார்கள். இத்தனை சாமர்த்தியமும் சொந்த வீட்டுக்கு வந்தபோது காலை வாரிவிட்டது. டப்பாவைத் தலைகீழாகப் போடலாம், மனுசரை என்ன செய்வது. முதல் பிளான் எண்ணூற்றைம்பது சதுரடி, அதில் மதினிக்கு ரூம் இருந்தது, இருக்கத்தான் செய்தது, அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. மதினி என்றால் பால்பாண்டியின் அக்கா தங்கமாரி, பன்னிரண்டு வருஷமாக இவர்களோடு இருப்பவள். தெற்கே பத்துக்குப் பதினொன்று, இரண்டு ஜன்னல், நடுவில் ‘மதினி’ என்று பேர் அடித்து, பக்கத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருக்கிற பூவில் ஒன்றை எடுத்து ஒட்டிக்கூட வைத்தாள். அப்புறம் குழி தோண்டிப் பார்த்தார்கள். மூன்றடியில் சரளை வந்துவிடும் என்று புரோக்கர் அடித்துச் சொல்லியிருந்தான், ஆறடி போயும் கரிசல்தான், கறுப்புக் களி, மண்வெட்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றது. இந்த மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும், சித்திரையில் வெடிப்புக்குள் கையை மணிக்கட்டு வரைக்கும் விடலாம், மேலாக அஸ்திவாரம் போட்டால் சுவரையும் சேர்த்துப் பிளந்துவிடும். ஏழடி தோண்டி, சரளை கொட்டி இடித்து, அதன்மேல் கம்பி கட்டி கான்கிரீட் போட்டுத்தான் சுவர் எழுப்பணும் என்றார் என்ஜினியர். பேங்க் லோனோ ஒரு ரூபாய்கூட ஏறப்போவதில்லை. யார் கண்ணிலும் படாத இடத்தில் கால் வீட்டைக் கட்டிப் புதைத்தாகிவிட்டது, மண்ணுக்கு மேலே மிச்சம் அறுநூற்று நாற்பது சதுரடி. ஒரு ரூம் போயாக வேண்டும். ஹால் குறையக் கூடாது, பால்பாண்டி சொன்னது, நாலு பேர் வந்தால் உட்கார வேண்டாமா. யாழினிக்கு ரூம் வேண்டும், பத்தாவது. பூஜை அறை வேண்டும், அதுவும் பால்பாண்டி, மணி தொங்குகிற கதவாகப் பார்த்துப் பார்த்து போனில் முப்பது போட்டோ வைத்திருந்தான். வடக்கே ஏழுக்கு ஒன்பதில் ஒரு துண்டு மிஞ்சியது, அதற்கு ஜன்னலும் இருந்தது. ஆனால் ஏழும் ஆகாது, ஒன்பதும் ஆகாது, மனையடி சாஸ்திரத்தில் இரண்டுமே கெட்ட அளவு, காலண்டர்தோறும் போட்டிருக்கிறது, வருஷத்துக்கு லட்சம் காலண்டர் அச்சடிக்கிற ஊரில் இருந்துகொண்டு அதை எப்படித் தாண்டுவது. ஆறுக்கு எட்டாகக் குறுக்கினாள். குறுக்கியதில் மாடிப்படி வெளிச்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறியது, ஜன்னல் இருந்த இடத்தில் படி வந்து உட்கார்ந்தது. அளவு நல்ல அளவு. காற்று மட்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை, ஒன்றே முக்கால் மணிக்கு, ‘மதினி’ என்ற பேரைப் பூவோடு சேர்த்து அழித்துவிட்டு ‘ஸ்டோர்’ என்று அடித்தாள். மதினி அதற்குள்தான் படுப்பாள் என்று தெரியும். பேர் ஸ்டோர் என்று இருந்துவிட்டால் யாரும் யாரையும் அங்கே படுக்கச் சொன்னதாக ஆகாது.

மண் மேல் பழியைப் போட்டுவிடலாம், மண் வந்து மறுக்கப்போவதில்லை. பத்து நாளாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தாள், பஸ்ஸில் போகும்போது, குளிக்கும்போது, வெங்காயம் நறுக்கும்போது, கரிசல்தானே காரணம், நான் என்ன செய்ய. ஆனால் வாடகை வீட்டிலிருந்து கிளம்பி இந்தத் திறந்த வெளியில் நிற்கும்போது பொய் நிற்க மறுக்கிறது. உள்ளது இதுதான்: மதினி இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. நினைப்பில் மதினிக்கு ஒரு கெடுதலும் வராது, எங்கேயோ நன்றாக இருப்பாள், எங்கே என்று மட்டும் யோசிப்பதில்லை. இருக்கிற வாடகை வீடு ஒரு ரூம், ஒரு ஹால், அடுப்படி. அடுப்படிக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில் உள்ள நடையில் மதினி படுப்பாள். விடியும்முன் பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடுவாள், ஒரு ஆள் அங்கே படுத்திருந்ததற்கு ஒரு முடி கூட மிச்சமிருக்காது. அதுகூடப் பரவாயில்லை, அந்தச் செருமல் இருக்கிறதே. பால்பாண்டி ஊரில் இருக்கிற நாட்களில் மதினி எங்கே போனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் போவாள், ஹாலுக்கு வருமுன் ஒரு செருமல், அடுப்படிக்குப் போகுமுன் ஒரு செருமல், நான் வருகிறேன் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். மரியாதைதான். மரியாதையாகத்தான் பன்னிரண்டு வருஷம் செருமினாள், ஒவ்வொரு செருமலுக்கும் குருலட்சுமி பால்பாண்டியிடமிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள், அப்படித் தள்ளித் தள்ளி உட்கார்ந்த தூரத்தையெல்லாம் சேர்த்தால் நாக்பூரே வந்துவிடும். சண்டை போடவும் முடியாது. வாய் திறந்து ஒரு நாள் அழவும் முடியாது. சாம்பாரில் உப்புக் கம்மி என்று சொல்ல மாட்டாள் மதினி, ஊறுகாயை எடுத்துத் தட்டில் வைத்துக்கொள்வாள், அது இன்னும் எரிச்சல். இதே மதினிதான் யாழினியை வளர்த்தாள் என்பதும் உடனே வந்து நிற்கிறது, எதையும் முழுசாக வெறுக்க விடுவதில்லை இந்த மனசு. மூன்று மாதப் பிள்ளையை விட்டுவிட்டு குருலட்சுமி பிரஸ்ஸுக்குப் போன அன்று, பால் கட்டி மார் வலித்து ரவிக்கை நனைந்து மத்தியானம் ஓடிவந்தபோது, மதினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள், பஸ் இத்தனை மணிக்கு வரும் என்று கணக்குப் போட்டு. யாழினிக்கு வயசு பதினைந்து. மதினி வந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் இது எப்படி, ஆமாம், அப்போது மதினி புருசன் வீட்டில் இருந்தாள், இரண்டு தெரு தள்ளி, பகலில் மட்டும் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். அப்புறம் அந்த மனுசன் அருப்புக்கோட்டையில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்தான், வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான், மதினி ஒரு ஒயர் கூடையோடு வந்தாள். நான் கொஞ்ச நாள் இருந்துக்கிறேன் குரு என்றாள். அந்தக் கொஞ்ச நாளைத்தான் இன்னும் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறாள்.

அதோ தென்மூலையில் குனிந்து நெருஞ்சியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். ஐம்பத்து மூன்று வயசு, இடுப்பில் சேலையைத் தூக்கிச் செருகி, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. கோடு போடுகிற நாளில் சூடம் காட்டாமல் தொடங்கக் கூடாது என்று மஞ்சள், சூடம், செம்பு, ஒரு டப்பா நிறையக் கோலப்பொடி எல்லாம் கூடையில் கொண்டுவந்திருந்தாள், யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. குருலட்சுமிக்குச் சும்மா நிற்க முடியவில்லை. நின்றால் நினைப்பு அந்தக் கட்டத்தையே சுற்றுகிறது. டேப்பை எடுத்தாள், கோலப்பொடி டப்பாவை எடுத்தாள், கொத்தனார் வருவதற்குள் நாமே போட்டுப் பார்ப்போம் மதினி, நீங்க அந்த முனையைப் பிடிங்க என்றாள். மதினி பிடித்தாள். வாசலில் கோலம் போட்டுப் பழகிய கைதான், விரலிடுக்கில் பொடி தன்பாட்டில் நேராக இறங்கியது. கீழ்ப்பக்கம், தெருவைப் பார்த்த கிழக்கில், வாசல் சுவர், நிலைக்கு மூன்றரை அடி விட்டுக் கோட்டை நிறுத்தினாள். ஹால், பதினாறுக்குப் பத்து. பெட்ரூம். யாழினி ரூம். வடமேற்கில் அடுப்படி. வடகிழக்கு மூலையில் பூஜை அறை, நாலுக்கு எட்டு, கிழக்கே தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் நடுவில் அந்தக் கட்டம், அதற்குக் கதவு அடுப்படிக்குள். போட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவுதானா. இருபது வருஷம் பேங்குக்குக் கட்டப்போவது இதற்கா, நாலு பேர் சப்பணமிட்டு உட்கார்ந்தால் ஹால் முடிந்துவிடும்போல் இருக்கிறதே, பெட்ரூமில் கட்டிலைப் போட்டால் ஆள் ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும். வெறும் தரையில் கோடு போட்டால் வீடு சின்னதாகத்தான் தெரியும், சுவர் எழும்பினால் சரியாகிவிடும் என்று வீடு கட்டிய எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள், பிரஸ்ஸில் சொன்னார்கள், என்ஜினியர் சொன்னார், ஆனாலும் வானத்துக்குக் கீழே அந்த வெள்ளைக் கட்டங்கள் யாரோ பிள்ளைகள் பாண்டி விளையாடப் போட்டுவிட்டுப் போனதுபோலக் கிடந்தன. மழை வந்தால் என்ன ஆகும், மண் உப்பினால், பால்பாண்டிக்கு ரோட்டில் ஒன்று ஆகிவிட்டால், அதை நினைக்காதே, யாழினி கல்யாணம் ஆகிப் போய்விட்டால் அவள் ரூம் சும்மாதானே கிடக்கும், அப்போது மதினிக்குக் கொடுத்துவிடலாமே, பத்து வருஷம்தான், பத்து வருஷம் ஜன்னல் இல்லாமல் இருந்தால் என்ன, இப்போது நடையில் இருக்கவில்லையா, நடையிலாவது கொல்லைக் கதவு இடுக்கில் காற்று வரும். மறுபடியும் அங்கேயே வந்து நின்றாள்.

மதினி டேப்பைச் சுருட்டிக் கூடையில் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு கீழ்ப்பக்கம் போனாள். கோட்டைத் தாண்டி வந்திருக்கலாம், தாண்டவில்லை. நிலைக்கு விட்டிருந்த இடைவெளிக்கு வந்து, செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள், இரண்டையும் சேர்த்து நேராக வைத்தாள். வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். நெருஞ்சி முள் கிடக்கிற மண்ணில்தான் வைத்தாள். மதினி ஹாலில் நின்று மேலே பார்த்தாள், ஃபேன் இருக்கும் இடத்தைப் பார்ப்பதுபோல. பெட்ரூம் பக்கம் போகவில்லை, அந்தக் கதவை வெளியே நின்று பார்த்ததோடு சரி. யாழினி ரூமுக்குள் போய், மேசை எங்கே கிடக்கும் என்று கையால் காட்டிக் கேட்டாள், வெளிச்சம் இடது பக்கம் வந்தால் எழுத நல்லது என்றாள். அப்புறம் அடுப்படி. அடுப்படியின் வாசல் கோட்டுக்கு வந்ததும் தொண்டையைச் செருமினாள். யாரும் இல்லாத அடுப்படி, சுவரே இல்லாத அடுப்படி, உள்ளே நெருஞ்சியும் ஒரு உடைந்த ஓடும்தான் இருந்தன. அதற்கும் செருமிவிட்டுத்தான் போனாள். குருலட்சுமிக்கு எரிச்சல் வரவில்லை, வர வேண்டிய இடத்தில் வேறெதுவோ வந்தது. மதினி அடுப்படிக்குள்ளிருந்து அந்தக் கட்டத்துக்குள் நுழைந்தாள். நுழைந்து சுற்றிப் பார்த்தாள். சுற்றிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

“இது என்ன ரூமு குரு?”

“ஸ்டோர், மதினி.”

மதினி தலையை ஆட்டினாள். கோட்டின் ஓரத்தில் ஒரு குதிகாலை வைத்து, அதன் முன்னால் அடுத்த காலை வைத்து, அடி மேல் அடியாக எதிர்க் கோடு வரைக்கும் போனாள். திரும்பி நின்றாள். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஸ்டோர் பண்ண என்ன இருக்கிறது என்று கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது, அரிசி மூட்டை, பழைய பேப்பர், தீபாவளிப் பட்டாசு என்று குருலட்சுமி அவசரமாகச் சாமான் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆறடி இருக்கும்போலயே. தாராளம், குரு. எனக்குப் போதும்.”

அவ்வளவுதான் சொன்னாள். குத்தலாகச் சொல்லவில்லை, குத்தலாகச் சொல்லியிருந்தால் குருலட்சுமி பிழைத்திருப்பாள், திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பாள், பன்னிரண்டு வருஷத்துச் சண்டையை ஒரே மூச்சில் போட்டு முடித்திருப்பாள். மதினி நிஜமாகவே அளந்து பார்த்து, நிஜமாகவே போதும் என்று சொன்னாள். அப்படியானால் தெரியும். எப்போதிருந்து தெரியும்? அட்டை பத்து நாளாக அடுப்படி அலமாரியில் கிடக்கிறது, எட்டாவது வரைக்கும் படித்தவளுக்கு நாலு எழுத்துப் படிக்க வராதா, பழைய அட்டையும் அங்கேதான் கிடந்தது, பூ போட்டது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு அன்றைக்கும் யாழினிக்குத் தலை பின்னினாள், அன்றைக்கும் குருலட்சுமியின் டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஆறடி. ஆறடி மண் என்றால் எதைச் சொல்வார்கள் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறவளுக்கு நல்ல அளவு பார்த்து, சாஸ்திரம் பார்த்து, காற்று வராமல் ஆறடி வெட்டி வைத்தவள் நான். குருலட்சுமிக்கு அழுகை வந்தது, அழுகையைவிடக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம், தன் மேல்தான், பதினெட்டு வருஷம் ஷீட்டில் மிச்சம் பிடித்த கை மேல்தான். மிச்சம் எங்கே, எங்கேயோ மிச்சம் இருக்கும், எந்த ஷீட்டிலும் இருக்கும், பார்க்கிறவன் தினமும் பார்த்துப் பழகிய இடத்தில்தான் அது ஒளிந்திருக்கும், முதலாளியிடம் அவளே சொல்லியிருக்கிறாள். ஹாலைக் குறைத்தால் பதினாறு போய்ப் பதினைந்தாகும், ஆகாது, பதினொன்று ஆக்கினால் கதவு இடிக்கும். யாழினி ரூமில் கைவைக்க முடியாது. அடுப்படி பத்துக்கு எட்டு, அதில் இரண்டடி எடுத்தாலும் அந்தக் கட்டத்துக்கு ஜன்னல் வராது, வடக்கே படி, மேற்கே அடுப்படி, தெற்கே ஹால். கிழக்கே. கிழக்கே என்ன இருக்கிறது? கிழக்கே சாமி இருந்தார். நாலுக்கு எட்டில், டைல்ஸ் போட்டு, மணிக்கதவு போட்டு, தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்து, காலையில் ஐந்து நிமிஷம் விளக்கேற்றுவதற்காக அந்த வீட்டிலேயே நல்ல மூலையில், காற்றும் வெளிச்சமும் வருகிற மூலையில் சாமி இருந்தார். ஆறும் நாலும் பத்து. பத்து நல்ல அளவு. எட்டு நல்ல அளவு. நடுவில் இருக்கிற ஒற்றைக்கல் சுவர் போனால் செங்கல் மிச்சம், சிமெண்டு மிச்சம், அந்தக் கதவு போனால் அந்தக் கதவின் விலையில் ஒரு நல்ல ஜன்னலே வந்துவிடும். பதினோரு மத்தியானம் இது ஏன் தெரியவில்லை? தெரியாமல் என்ன, அங்கே கை வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலே வைக்கவில்லை. சாமி ஒன்றும் கேட்கவில்லை, மதினியும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காத இரண்டு பேரில் ஒருத்தருக்குத்தான் ஜன்னல் வைத்தாள்.

செருப்புக் காலோடு அவள் கோட்டை மிதித்து உள்ளே போனாள், நிலை வழியாகப் போகிற பொறுமை இல்லை. பூஜை அறைக்கும் ஸ்டோருக்கும் நடுவில் இருந்த வெள்ளைக் கோட்டின் மேல் காலை வைத்துத் தேய்த்தாள். கரிசல் மேலே வந்தது, வெள்ளை உள்ளே போனது. எட்டடி நீளக் கோடு, தேய்த்து முடிக்க நேரமானது, பாதியில் செருப்பு வழுக்கி விழப்பார்த்தாள், மதினி முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன குரு, நல்லாத்தான இருந்துச்சு என்றாள். நல்லா இல்லை மதினி என்றாள் குருலட்சுமி, குனிந்து அடுப்படிப் பக்கம் இருந்த வாசலைப் பொடி போட்டு மூடினாள், ஹால் பக்கம் பூஜை அறைக்கு விட்டிருந்த வாசலை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள். இது உங்க ரூம் என்று சொல்ல வேண்டும். நான் அழித்துவிட்டேன், கரிசல் இல்லை, நான்தான், நீங்கள் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் மதினி, அதுக்கென்ன, யாரா இருந்தாலும் அப்டித்தான நினைக்கும் என்று சமாதானம் சொல்வாள், அந்தச் சமாதானத்தை வாங்கிக்கொள்ள இன்றைக்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தாள், வேறொரு நாள் சொல்லலாம், சுவர் எழும்பட்டும். இப்போதைக்குக் கோட்டை நேராகப் போட்டால் போதும். அவசரத்தில் கோடு கொஞ்சம் வளைந்துதான் வந்தது.

எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பைக் சத்தம் கேட்டது. பால்பாண்டி முன்னால், சுண்ணாம்பு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கொத்தனார் வேலாயுதம் பின்னால், இரண்டு பேர் மீசையிலும் டீ நுரை. கொத்தனார் இறங்கி, கோலப்பொடியில் கிடந்த வீட்டைப் பார்த்துவிட்டு, நம்ம வேலையை மிச்சம் வச்சிருக்காகளா என்று சிரித்தார். அட்டையை வாங்கினார், தரையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், வடகிழக்கு மூலைக்கு வந்ததும் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். ஈசானிய மூலையில் சாமி ரூம் போட்டிருக்கு, கீழே காணோமே, கோடு அழிஞ்சிருச்சா என்று கேட்டார். பால்பாண்டியும் அப்போதுதான் கவனித்தான். அவன் முகத்தில் முப்பது போட்டோவும் ஒவ்வொன்றாக வந்து போயின. சாமி ரூம் எங்க குரு என்றான், இல்லாமல் எப்படி, வீட்டுக்கு வருகிறவன் என்ன நினைப்பான், போன தடவை காசி லோடில் வாங்கிவந்த விளக்கை எங்கே வைப்பது என்று அடுக்கிக்கொண்டே போனான். அவன் அடுக்கி முடிக்கட்டும் என்று குருலட்சுமி காத்திருந்தாள். இந்த மனுசன் கெட்டவன் இல்லை. அக்கா எங்கே படுப்பாள் என்று ஒரு நாள் கூடக் கேட்டதில்லை, அவ்வளவுதான், ரோட்டில் படுத்துத் தூங்கிப் பழகியவனுக்கு எல்லாரும் எங்கேயாவது படுத்துக்கொள்வார்கள் என்று நினைப்பு.

“சாமி ஹால்ல அலமாரில இருக்கட்டும். அவரு நின்னுக்கிட்டே இருப்பாரு. மதினி படுக்கணும்ல.”

பால்பாண்டி அக்காவைப் பார்த்தான். வெறுங்காலோடு, கையில் அடுப்படிக்குள் பிடுங்கிய நெருஞ்சிக் கட்டோடு, ஹாலுக்கும் அந்த மூலைக்கும் நடுவில் நின்றவளை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்தான், அப்புறம் சுண்ணாம்பு மூட்டையின் வாயைப் பிரிக்க ஆரம்பித்தான், பிரிக்க ஒன்றும் கஷ்டமான முடிச்சு இல்லை, அவனுக்கு வெகுநேரம் ஆனது. சன்னலைப் பெருசா வைங்க கொத்தனாரே என்றான் தலையைத் தூக்காமல். கொத்தனாருக்கு ஈசானியத்தை விட மனசில்லை, அலமாரியையாவது கிழக்குப் பார்க்க வைத்துவிடுவோம் என்று தனக்கொரு சமாதானம் செய்துகொண்டு, பத்துக்கு எட்டு, நல்ல அளவுதான், இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே என்றார். செஞ்சிருக்கலாம் என்றாள் குருலட்சுமி. வெயில் ஏறிவிட்டது, சூடம் காட்டினார்கள், காற்றில்லாததால் சுடர் நேராக நின்றது. நூல் கட்டி, கோலப்பொடிக் கோட்டின் மேலேயே சுண்ணாம்பு விழுந்துகொண்டு வந்தது, குருலட்சுமியின் வளைந்த கோட்டையும் கொத்தனார் நேராக்கினார். வடகிழக்கு மூலையை முடித்து நிமிர்ந்தவர், கதவு நிலைக்கு அளவு எழுதிக்கொள்ளத் துண்டுப் பேப்பரை எடுத்தார். வாசலுக்குத் தேக்கு, ரூமுக்கெல்லாம் சாதாரணக் கதவு, பாத்ரூமுக்குப் பிளாஸ்டிக், வேற ஏதாச்சும் உண்டா என்று பால்பாண்டியையும் குருலட்சுமியையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார்கள். மதினி நெருஞ்சிக் கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

“தாழ்ப்பா உள்பக்கம் வைக்கணும் கொத்தனாரே. நல்லாக் கெட்டியா.”

எந்தக் கதவுக்கு என்று கொத்தனார் கேட்டார்.

“என் கதவுக்கு” என்றாள் மதினி.